கால்ல காத்தடிச்சா நெஞ்சடைப்பு போயிருமா?



மஞ்சள் விலை, மழை, பால் விலை என்று எழுதிக்கொண்டிருக்கிறவன் இந்த வாரம் நெஞ்சு வலியைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு வந்துபோகிற மினி பஸ்ஸின் முதுகில் முன்பெல்லாம் ஜவுளிக்கடை விளம்பரமோ நகைக்கடை விளம்பரமோ இருக்கும். இப்போது "ஆபரேஷன் இல்லை, ஸ்டென்ட் இல்லை, 35 நாளில் இதய அடைப்பிலிருந்து விடுதலை" என்று ஓடுகிறது. ஒரு பெரியவர் கட்டிலில் படுத்திருக்கிறார். கெண்டைக்காலிலிருந்து இடுப்பு வரை பட்டை சுற்றியிருக்கிறது. முகத்தில் சிரிப்பு. இதே படம் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. பால் சொசைட்டியில் நான்கு பேர் நின்றால் "அந்தக் கால்ல காத்தடிக்கிற வைத்தியம்" என்கிற பேச்சு வந்துவிடுகிறது.

அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பெயர் இ.இ.சி.பி. விரித்தால் என்ஹான்ஸ்டு எக்ஸ்டர்னல் கவுண்டர்பல்சேஷன். வெளியிலிருந்து எதிர்த்துடிப்பு கொடுப்பது என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் வைத்த பெயரிலேயே பாதி விளக்கம் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஏமாற்று வேலை இல்லை. சரியான ஆளுக்குக் கொடுத்தால் பலன் தருகிற சிகிச்சைதான். ஆனால் அந்தச் "சரியான ஆள்" என்பது சின்னக் கூட்டம். விளம்பரமோ நெஞ்சைப் பிடிக்கிற எல்லாரையும் கூப்பிடுகிறது. தப்பு அங்கேதான் நடக்கிறது.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஊரில் அப்பாவோ மாமனாரோ இந்தச் சிகிச்சைக்குப் போகலாமா என்று கேட்கும்போது பணம் அனுப்புவது பெரும்பாலும் நீங்கள்தான். போனில் "சரிங்கப்பா, போங்க" என்று சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. வெளியான ஆய்வுகளைத் தேடிப் படித்தேன், தெரிந்த இதய மருத்துவர்களிடம் கேட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஊரில் நெஞ்சு வலி எப்படி வரும்

எங்கள் பக்கத்தில் யாரும் "நெஞ்சு வலிக்குது" என்று சொல்லமாட்டார்கள். "கரிக்குது" என்பார்கள். "வாயு பிடிச்சுட்டுது" என்பார்கள். "கேஸு, ஒரு சோடா குடிச்சா போயிரும்" என்பார்கள். சோளத்தட்டுக் கட்டைத் தலையில் வைத்து வரப்பு ஏறி வரும்போது நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கும். சில பேருக்கு இடது கை கனக்கும், சில பேருக்குத் தாடை வலிக்கும். கட்டை இறக்கி வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் போய்விடும். மறுநாள் அதே வரப்பில், அதே இடத்தில் திரும்ப வரும்.

இதைத்தான் ஆஞ்சைனா என்கிறார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயின் உள்பக்கம் கொழுப்புப் படிந்து சுருங்கியிருக்கும். சும்மா இருக்கும்போது வருகிற ரத்தம் போதும். சுமை தூக்கினால், மேடு ஏறினால் இதயம் அதிகம் கேட்கும். குழாயால் கொடுக்க முடியாது. அப்போது இதயத் தசை போடுகிற சத்தம்தான் அந்த வலி. இப்படி வேலை செய்தால் வந்து, ஓய்வெடுத்தால் போகிற வலியை நிலையான ஆஞ்சைனா என்பார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிற வலி, ஓய்வெடுத்தும் போகாத வலி, வேர்த்துக் கொட்டி வருகிற வலி, இதெல்லாம் வேறு கதை. அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சிரைப்பாகவோ சோர்வாகவோ மட்டும் வருவதும் உண்டு. இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்தான் உயிர் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த மெஷின் என்ன செய்கிறது

இதைப் புரிந்துகொள்ள வாய்க்கால் பாசனம் தெரிந்தால் போதும்.

இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய குழாயைத் தலைவாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயத் தசைக்குப் போகிற குழாய்கள் அந்தத் தலைவாய்க்காலின் தொடக்கத்திலேயே பிரிகிற முதல் மடை. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவன் தன் தோட்டத்து மடையை வாசலிலேயே வைத்திருக்கிறான். ஆனால் அதில் ஒரு சிக்கல். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது, அதே இறுக்கத்தில் தன் தசைக்குள் ஓடுகிற குழாய்களையும் சேர்த்து நெரித்துக்கொள்கிறது. அதனால் இதயத்தின் இடது பக்கத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளர்கிற நேரத்தில்தான் கிடைக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளிதான் இதயத்துக்குச் சாப்பாட்டு நேரம்.

நாங்கள் வாய்க்காலில் என்ன செய்வோம்? மேல் வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால், கீழே கொஞ்ச தூரம் போய் மண்ணை வெட்டிப் போட்டு அடைப்போம். தண்ணீர் எதிர்த்து ஏறி மேல் மடைக்குள் புகுந்துவிடும். இந்த மெஷினும் அதைத்தான் செய்கிறது.

ஆளைப் படுக்கவைத்து மார்பில் ஈசிஜி ஒட்டுகிறார்கள். கெண்டைக்கால், கீழ்த்தொடை, மேல்தொடையும் பின்புறமும் என்று மூன்று இடத்தில் பட்டை கட்டுகிறார்கள். பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றுகிறார்களே, அதே மாதிரிதான், பெரிய அளவில். இதயம் தளர்கிற நேரத்தை ஈசிஜி காட்டிக்கொடுக்க, பட்டைகளில் காற்று ஏறுகிறது. முதலில் கெண்டைக்கால், அடுத்த நொடித்துளியில் கீழ்த்தொடை, அதற்கடுத்து மேல்பட்டை. கீழிருந்து மேலாகப் பிழிந்துகொண்டு வருகிறது. காலில் இருந்த ரத்தம் எதிர்த்து ஏறி இதயத்தின் முதல் மடைக்குள் போகிறது. இதயம் அடுத்த முறை சுருங்கப்போகிற நேரத்தில் மூன்று பட்டையிலும் காற்று ஒரேயடியாக இறங்கிவிடும். கீழே அடைத்த மண்ணை எடுத்துவிட்ட மாதிரி. இதயம் லேசாகத் தள்ளினாலே ரத்தம் ஓடிவிடும். ஒரு பக்கம் இதயத்துக்குத் தீனி கூடுகிறது, இன்னொரு பக்கம் அதன் சுமை குறைகிறது.

வழக்கமான கணக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள், ஏழு வாரம். மொத்தம் 35 மணி நேரம். நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் 35 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் தடவை கால் பிழியப்படுகிறது. அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும். பிரஷர் பார்க்கும்போது கை இறுகுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கடுமை.

இந்த யோசனை புதிதும் இல்லை. இதயம் தளர்கிற நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டினால் இதயத்துக்கு ரத்தம் கூடும் என்பதை அமெரிக்காவில் கான்ட்ரோவிட்ஸ் சகோதரர்கள் 1953-லேயே விலங்குகளில் சோதித்துக் காட்டினார்கள். அதே கொள்கையில், உடம்புக்குள் பலூன் வைத்துச் செய்கிற கருவியை அவர்களில் ஒருவரான அட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் 1967-ல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். வெளியிலிருந்து காலை அமுக்குகிற முதல் கருவிகள் தண்ணீர் அழுத்தத்தில் ஓடின. சீனாவில் குவாங்சோ நகரத்து மருத்துவப் பல்கலைக்கழகத்தில் செங் சென்ஷெங் என்ற மருத்துவரின் குழு 1970-களில் காற்றை வைத்து, கீழிருந்து மேலாக வரிசையாக அமுக்குகிற முறையை உருவாக்கியது. அது திரும்ப அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க்கில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டு, அங்கிருந்து உலகம் சுற்றி எங்கள் மினி பஸ் முதுகுக்கு வந்திருக்கிறது.

ஆய்வு என்ன சொல்கிறது

விளம்பரத்தில் "அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது" என்று போடுகிறார்கள். உண்மைதான். 1995-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் பிற்பாடு அதே எஃப்.டி.ஏ. இந்தக் கருவியை மறுபடி வகைப்படுத்தியபோது, நல்ல மாத்திரை கொடுத்தும் அடங்காத, ஸ்டென்டோ பைபாஸோ செய்ய வழியில்லாத நிலையான ஆஞ்சைனாவுக்கு ஒரு வகை என்றும், மற்ற உபயோகமெல்லாம் இன்னும் கடுமையாக நிரூபிக்கப்பட வேண்டிய வகை என்றும் பிரித்துவிட்டது. விளம்பரத்தில் இந்த இரண்டாவது பாதியைக் காணோம்.

முக்கியமான ஆய்வு 1999-ல் வந்தது. மஸ்ட் இ.இ.சி.பி. என்று பெயர். 139 நோயாளிகள், ஏழு மருத்துவமனைகள். பாதிப் பேருக்கு நிஜமான அழுத்தம் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கும் அதே கட்டில், அதே பட்டை, அதே 35 மணி நேரம், ஆனால் பேருக்குத்தான் அமுக்கினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. முடிவு என்ன? நிஜ அழுத்தம் வாங்கியவர்களுக்கு நெஞ்சு வலி வருகிற தடவைகள் குறைந்தன. டிரெட்மில்லில் ஓடும்போது, இதயம் ரத்தத்துக்குத் திணறுகிறது என்று ஈசிஜி காட்டுகிற நேரம் தள்ளிப்போனது. இது நல்ல சேதி.

ஆனால் மொத்தம் எவ்வளவு நேரம் ஓட முடிந்தது என்று பார்த்தால், இரண்டு கூட்டமுமே முன்னைவிட அதிகம் ஓடியது. இரண்டுக்கும் நடுவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதாவது சும்மா பட்டை கட்டிப் படுத்திருந்தவர்களும் தெம்பாகிவிட்டார்கள். காலில் சிராய்ப்பு, கன்றிப்போவது, கால்வலி மாதிரியான தொந்தரவுகள் நிஜ அழுத்தம் வாங்கியவர்களுக்கே அதிகம்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஏழு வாரம் தினமும் ஒருவர் நம்மைப் படுக்கவைத்து, பிரஷர் பார்த்து, "நேத்து எப்படி இருந்தீங்க?" என்று கேட்டு, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொல்லி, பீடியை விடச் சொன்னால் யாருக்குத்தான் உடம்பு தேறாது?

இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இது உதவுமா என்று 187 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2006-ல் வெளிவந்தது. நடக்கிற நேரம் கொஞ்சம் கூடியது. உடம்பு இழுத்துக்கொள்கிற ஆக்சிஜன் அளவில் மாற்றம் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-ல் நிலையான ஆஞ்சைனாவுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. அமெரிக்க இதய மருத்துவர்களின் 2012 வழிகாட்டியோ, வேறு எதற்கும் அடங்காத ஆஞ்சைனாவுக்கு யோசிக்கலாம் என்று மெதுவாகச் சொன்னது. இரண்டு நாடு, இரண்டு முடிவு. ஆனால் "பைபாஸுக்குப் பதிலாக இதைச் செய்துகொள்ளுங்கள்" என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இவ்வளவுதான். இந்தச் சிகிச்சை சிலருக்கு வலியைக் குறைக்கிறது. குழாயில் படிந்த கொழுப்பை இது கரைப்பதில்லை. சின்னச் சின்னக் கிளைக் குழாய்கள் திறந்துகொள்கின்றன, குழாயின் உள்சுவர் சுறுசுறுப்பாகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனால் ஆயுளைக் கூட்டுகிறது, மாரடைப்பைத் தடுக்கிறது என்று காட்டிய முறையான ஆய்வு கிடையாது. வலி குறைவது வேறு, அடைப்பு போவது வேறு. விளம்பரம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்கிறது.

இரண்டு பேர்

எங்கள் பக்கத்து ஊரில் எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர். எழுபதை நெருங்கியவர். பல வருஷத்துக்கு முன்னாலேயே பைபாஸ் செய்தவர். வலி திரும்ப வந்தது. கோயமுத்தூரில் திரும்ப ஆஞ்சியோ எடுத்துப் பார்த்த டாக்டர், குழாய்கள் மிகவும் மெலிந்துவிட்டன, இனி வெட்டி ஒட்டவும் இடமில்லை, ஸ்டென்ட் வைக்கவும் இடமில்லை என்று சொல்லிவிட்டார். மாத்திரை முழு அளவில் போய்க்கொண்டிருந்தது. அப்படியும் வீட்டிலிருந்து கட்டுத்தரைக்குப் போவதற்குள் இரண்டு தடவை நின்று, நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைக்க வேண்டியிருந்தது. அதே டாக்டர்தான் இந்தச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார். 35 நாள் போய்வந்தார். இப்போது கட்டுத்தரைக்கு நிற்காமல் போகிறார். கன்றுக்குட்டியை அவிழ்த்துக் கட்டுகிறார். "முழுசா நல்லாயிருச்சுன்னு சொல்லமாட்டேன் சாமி, ஆனா என்ற மாட்டை நானே போய்ப் பாக்கறேன், அது போதும்" என்கிறார். அந்த வயதில் அது பெரிய விஷயம். மாத்திரை ஒன்றைக்கூட அவர் நிறுத்தவில்லை.

இன்னொருவர் என் வயதுக்காரர். ஐம்பத்து நான்கு. ஆஞ்சியோவில் இடது பக்கத்து முதன்மைக் குழாயிலேயே அடைப்பு. தலைவாய்க்காலிலிருந்து பிரிகிற மடையின் வாயிலேயே மண் சரிந்து கிடக்கிற மாதிரி. தள்ளிப்போடாமல் பைபாஸ் செய்யச் சொன்னார்கள். இந்த மாதிரி அடைப்புக்கு பைபாஸ் ஆயுளைக் கூட்டும் என்பது பல வருஷ ஆய்வில் நிரூபணமான விஷயம். ஆனால் நெஞ்சைப் பிளப்பது என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டில் எல்லாருக்கும் பயம். யாரோ விளம்பரத்தைக் காட்டினார்கள். அந்த இடத்தில் ஆஞ்சியோ சி.டி.யை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாராளமாகச் செய்யலாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினார்கள். மகன் பெங்களூரிலிருந்து அனுப்பினான். ஏழு வாரம் பஸ்ஸில் போய்வந்தார்.

வலி குறைந்தது. அதை மறைக்கக் கூடாது, நிஜமாகவே குறைந்தது. "அடைப்பு போயிருச்சு மாப்ள" என்று டீக்கடையில் என் கையைப் பிடித்துச் சொன்னார். மாத்திரையை ஒவ்வொன்றாக விட்டார். யார் விடச் சொன்னது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில். நான்கு மாசம் கழித்து ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்தது. "நமக்குத்தான் சரியாயிருச்சே, இது கேஸு" என்று சோடா குடித்து, ஓம வாட்டர் குடித்து, மூன்று மணி நேரம் போக்கினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோகத்தான் முடிந்தது.

மெஷின் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. தள்ளிப்போன ஆபரேஷனும், விட்டுப்போன மாத்திரையும், "சரியாகிவிட்டது" என்ற நம்பிக்கையும் சேர்ந்து கொண்டுபோயின. அந்த நம்பிக்கையைக் காசுக்கு விற்றவர்களுக்கு இதில் பங்கே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெரியப்பாவுக்கும் இவருக்கும் கட்டினது ஒரே மாதிரிப் பட்டைதான். ஒருவருக்கு அது கடைசி வழி. இன்னொருவருக்கு நல்ல வழியை அடைத்த வழி.

ஜனங்கள் ஏன் நம்புகிறார்கள்

"படிக்காத ஜனம், ஏமாந்துட்டாங்க" என்று நகரத்தில் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது நியாயம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் மேல் ஜனங்களுக்கு வந்த சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து தடவிய ஸ்டென்டின் விலைக்கு 30,000 ரூபாய்க்குள் உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன்னால் அதே பொருளுக்கு லட்சக்கணக்கில் கட்டியவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் மறக்கவில்லை.

நிலையான ஆஞ்சைனாவில் எல்லாருக்கும் ஓடிப்போய் ஸ்டென்ட் வைக்கத் தேவையில்லை என்பதும் உண்மைதான். 2,287 பேரை வைத்து 2007-ல் வந்த கரேஜ் ஆய்வும், 5,179 பேரை வைத்து 2020-ல் வந்த இஸ்கீமியா ஆய்வும், நிலையான நோய் உள்ளவர்களில் நல்ல மாத்திரை வைத்தியத்தோடு நிறுத்தியவர்களும், அதோடு ஸ்டென்ட் அல்லது ஆபரேஷனுக்கு முதலிலேயே போனவர்களும், சாவு விகிதத்தில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை என்று சொல்லின. ஆனால் இஸ்கீமியா ஆய்வில் அந்த இடது முதன்மைக் குழாய் அடைப்பு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களைக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை என்றுதான்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஸ்டென்டுக்கு அவசரம் இல்லாத ஆளுக்கு மாற்று, மாத்திரையும் நடையும் பீடியை விடுவதும். அதற்கு மாசம் சில நூறு ரூபாய் போதும், அரசு ஆஸ்பத்திரியில் அதுவும் இல்லை. ஆனால் அதற்கு யாரும் பஸ் முதுகில் விளம்பரம் போடமாட்டார்கள். "வெட்டாமல் குணமாகணும்" என்று ஜனம் ஆசைப்படுகிற இடத்தில், காசு பிடுங்குகிற வழி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

35 நாள் என்பது விவசாயக் குடும்பத்துக்கு என்ன என்றும் யோசியுங்கள். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். துணைக்கு ஒரு ஆள் போக வேண்டும். சாயங்காலக் கறவைக்குள் திரும்ப வேண்டும். ஏழு வாரத்துக்குள் ஒரு களையெடுப்பு போய்விடும், ஒரு தண்ணீர் முறை போய்விடும். இரண்டு ஆட்டைப் பிடித்து விற்பார்கள். இவ்வளவையும் கொடுத்து வாங்குகிற சிகிச்சை, அந்த ஆளுக்கு ஏற்றதா என்று தெரிந்தாவது வாங்க வேண்டாமா?

பணம் அனுப்பும் முன் கேளுங்கள்

ஊரில் இருக்கிற பெரியவர்கள் டாக்டரைக் கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்கள். "அவருக்குத் தெரியாததா" என்று வந்துவிடுவார்கள். நீங்கள் போனில் கேட்கலாம், லீவு போட்டுக் கூடவும் போகலாம். கேட்க வேண்டியவை இவை:

1. ஆஞ்சியோ பார்த்த இதய மருத்துவர் இந்தச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தாரா? மெஷின் வைத்திருக்கிறவர் சொல்வது மட்டும் போதாது. அந்த மெஷினை வைத்துச் சம்பாதிக்காத இன்னொரு டாக்டரின் வாயிலிருந்து வர வேண்டும்.

2. அடைப்பு எந்தக் குழாயில்? இடது முதன்மைக் குழாயிலா? மூன்று குழாயிலும் அடைப்பு இருந்து சர்க்கரையோ இதய பலவீனமோ சேர்ந்திருக்கிறதா? ஆம் என்றால் பைபாஸ் பற்றி இன்னொரு அறுவை மருத்துவரிடமும் பேசாமல் இதற்குப் போகக் கூடாது.

3. மாத்திரைகள் முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? சில பேருக்கு வலி அடங்காததற்குக் காரணம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததாகவே இருக்கலாம்.

4. எக்கோ எடுத்தார்களா? பெருந்தமனி வால்வு கடுமையாகக் கசிகிறவர்களுக்கும், பெருந்தமனி வீங்கியிருக்கிறவர்களுக்கும் இது ஆகாது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் மெஷினால் நேரம் பிடிக்க முடியாது. காலில் ரத்தம் உறைந்திருந்தால், ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரையின் அளவு எகிறியிருந்தால், பிரஷர் கட்டுக்குள் இல்லாவிட்டால், காலுக்குப் போகிற குழாயில் கடுமையான அடைப்போ காலில் ஆறாத புண்ணோ இருந்தால், ஆகாது. நம் ஊரில் சர்க்கரைக் கால் புண் இல்லாத தெரு இல்லை, இதைக் கட்டாயம் பாருங்கள்.

5. "அடைப்பு கரையும்" என்று யாராவது சொன்னால், முன்னும் பின்னும் எடுத்த ஆஞ்சியோவில் காட்டச் சொல்லுங்கள்.

6. மாத்திரையை நிறுத்தலாம் என்று சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிடுங்கள்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு 1999-லிருந்து இதற்குப் பணம் தருகிறது. யாருக்குத் தெரியுமா? கொஞ்சதூரம் நடந்தாலோ ஒரு மாடி ஏறினாலோகூட வலி வருகிற அளவுக்கு முற்றி, ஆபரேஷனுக்கும் ஸ்டென்டுக்கும் ஏற்றவர் இல்லை என்று இதய மருத்துவரோ அறுவை மருத்துவரோ சொன்னவர்களுக்கு மட்டும். நாமும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ளலாம்.

பைபாஸுக்குப் பணமில்லை என்பதுதான் உண்மையான காரணம் என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அட்டை பீரோவில் கிடக்க, ஆட்டை விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மூன்று மணி நேரம்

கடைசியாக ஒன்று. இ.இ.சி.பி. செய்தவரோ செய்யாதவரோ, ஓய்வெடுத்தும் போகாத நெஞ்சு வலி வந்தால் அது மெஷினுக்கான வேலை இல்லை. 108-ஐக் கூப்பிட வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊரில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது, ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று அடுத்த தடவை வரும்போது விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அம்மா அப்பா பேர் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெஷினை நான் எதிர்க்கவில்லை. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு மட்டும் அதைக் கூப்பிடுங்கள் என்கிறேன். விளம்பரத்தில் "இதய அடைப்பிலிருந்து விடுதலை" என்பதற்குப் பதிலாக, "ஆபரேஷன் செய்ய வழியில்லாதவர்களுக்கு வலி குறைய ஒரு வாய்ப்பு" என்று எழுதினால் நானே அந்த மினி பஸ்ஸைக் கைதட்டி அனுப்புவேன்.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் செய்யும்போது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, "தோட்டத்துக்குப் போகையில எங்கேயாவது நின்னு உக்காந்துட்டுப் போறீங்களா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போவதாகச் சொன்னால், அடுத்த வாரமே டிக்கெட் போட்டு ஊருக்கு வாருங்கள்.